நாலாயிரம் வெள்ளிக் கோட்டுக்கு மேல் உழைப்புக்குக் கணக்கில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2023 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தன. வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்த வேலை நேரம் 45ஆகக் குறைந்தது. பேறுகால விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தனியார் துறையில் வேலை செய்யும் தந்தையருக்கும் 7 நாள் விடுமுறை கிடைத்தது. 2022 செப்டம்பரிலேயே வந்திருக்க வேண்டிய இந்தத் திருத்தங்கள் நான்கு மாதம் தள்ளிப்போன போது பொறுமையிழந்தவர்களில் நானும் ஒருத்தி. வந்தபோது மனதார மகிழ்ந்தவர்களிலும் ஒருத்தி. ஆகையால் இந்தக் கடிதத்தை அத்திருத்தங்களைக் குறைகூறுவதற்காக எழுதவில்லை. அவற்றில் அடைபடாமல் நிற்கும் ஓர் ஓட்டையின் வழியாக இந்த மாநகரத்தின் அலுவலக ஊழியர்களுடைய மாலைப்பொழுதும் உடல்நலமும் மாதந்தோறும் வழிந்துபோவதைப் பார்த்துக்கொண்டு இனியும் பேசாமல் இருக்க முடியாததால் எழுதுகிறேன்.

கோலாலம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதிக்கு மேல் எல்லாப் பகுதிகளிலிருந்தும் மிகைநேர வேலைக் கணக்கு என் மேசைக்கு வரும். அந்தத் தாள்களில் சில பெயர்கள் ஒரு குறிப்பிட்ட மாதத்தோடு காணாமற்போகும். அவர்கள் வேலையை விட்டுப் போனவர்கள் அல்லர். அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே வேலையை, பெரும்பாலும் முன்பைவிடக் கூடுதல் நேரம் செய்கிறவர்கள்தாம். அவர்களுடைய மாதச் சம்பளம் 4,000 வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டிவிட்டது என்பதே பெயர் மறைந்ததற்குக் காரணம்.

திருத்தப்பட்ட சட்டம் இப்போது எல்லா ஊழியர்களுக்கும் பொருந்தும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அது சரியே. ஆனால் அதன் முதல் அட்டவணை, மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேற்பட்டவர்களைச் சில பிரிவுகளிலிருந்து விலக்கி வைக்கிறது. மிகைநேர வேலைக்கு ஒன்றரை மடங்கு, ஓய்வு நாள் வேலைக்கும் பொது விடுமுறை நாள் வேலைக்கும் கூடுதல் ஊதியம், ஆட்குறைப்பின்போது சட்டப்படி கிடைக்க வேண்டிய இழப்பீடு ஆகியவை அவற்றுள் அடங்கும். வாரத்துக்கு 45 மணி நேரம் என்ற வரம்பு அவர்களுக்கும் உண்டு. ஆனால் அந்த வரம்பைத் தாண்டி வேலை வாங்குகிற முதலாளி கூடுதலாக ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. விலையே இல்லாத ஒரு பொருளை யார்தான் அளந்து வாங்குவார்கள்?

ஒரு கணக்கைப் பாருங்கள். 3,900 வெள்ளி சம்பளம் வாங்கும் ஓர் ஊழியருக்குச் சட்டம் சொல்கிறபடி அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் ஊதியம் 150 வெள்ளி. நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்றால் மணிக்கு 18 வெள்ளி 75 காசு. மிகைநேரத்துக்கு அது ஒன்றரை மடங்காகி மணிக்கு 28 வெள்ளிக்குச் சற்று மேல் வரும். மாதத்துக்கு இருபது மணி நேரம் கூடுதலாக உழைத்தால் 562 வெள்ளி 50 காசு கிடைக்கும். இவருக்கு ஆண்டு இறுதியில் 150 வெள்ளி சம்பள உயர்வு கொடுத்து, 'எக்ஸெகியூட்டிவ்' என்று பதவிப் பெயரையும் மாற்றி, வாழ்த்துக் கடிதமும் கையில் கொடுக்கிறார்கள். சம்பளம் 4,050 ஆகிறது. அடுத்த மாதமும் அதே இருபது மணி நேரம் உழைக்கிறார். மிகைநேர ஊதியம் இல்லை. பதவி உயர்வால் அவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் பணத்தில் 412 வெள்ளி 50 காசு குறைகிறது. சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து, ஏதோ கணக்குத் தவறிவிட்டது போலிருக்கிறது என்று தயங்கித் தயங்கிக் கேட்பவர்களிடம், தவறு எதுவும் இல்லை, சட்டப்படி இப்படித்தான் என்று சொல்ல வேண்டியவள் நான். அந்த வேலை எனக்கு ஒருநாளும் பழகிப்போகவில்லை.

எல்லா முதலாளிகளும் இதைத் திட்டமிட்டுச் செய்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சிலர் கோட்டுக்கு மேலுள்ளவர்களுக்கும் தாமாகவே மாற்று விடுப்புக் கொடுக்கிறார்கள். வேலை ஒப்பந்தத்திலேயே மிகைநேர ஊதியத்தைச் சேர்த்திருப்பவர்களும் உண்டு. நல்ல மனம் உள்ள இடத்தில் சட்டத்துக்கு வேலையில்லை. அந்த மனம் இல்லாத இடத்துக்குத்தான் சட்டம் வேண்டியிருக்கிறது.

2022 வரை இந்தக் கோடு 2,000 வெள்ளியில் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதை 4,000ஆக உயர்த்தியதால் பல்லாயிரக்கணக்கானோர் பயனடைந்தார்கள். ஆனால் அதன் பிறகு மற்ற எண்கள் எல்லாம் நகர்ந்துவிட்டன. குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியானது. ஊழியர்களின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குக் கட்டும் சந்தாவுக்கான சம்பள உச்சவரம்பு 2024 அக்டோபர் முதல் 5,000 வெள்ளியிலிருந்து 6,000 வெள்ளியாக உயர்ந்தது. அந்த மாதம் சந்தா விகிதங்களை எங்கள் கணினியில் மாற்றியமைத்தபோது எனக்குத் தோன்றிய கேள்வியை இங்கே வைக்கிறேன். விபத்திலும் நோயிலும் காக்கப்பட வேண்டியவர் என்று 6,000 வெள்ளி சம்பளக்காரரை ஒரு சட்டம் கருதும்போது, இரவு ஒன்பது மணி வரை அவரிடம் வேலை வாங்கினால் அதற்கு ஊதியம் கொடுக்க வேண்டியதில்லை என்று இன்னொரு சட்டம் எப்படிச் சொல்ல முடியும்? இரண்டும் ஒரே மனிதவள அமைச்சின் பொறுப்பில் இருப்பவை. கோலாலம்பூரில் வீட்டு வாடகை, கார்த் தவணை, பிள்ளைப் பராமரிப்புக் கட்டணம் ஆகிய மூன்றையும் கட்டி முடித்த ஒருவரிடம் 4,000 வெள்ளிச் சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பதை உங்கள் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்வது பற்றிப் பேசும்போதும் இதே ஓட்டைதான் முன்னே வந்து நிற்கிறது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, வீட்டில் உட்கார்ந்தபடி அலுவலக வேலை நடக்காது என்று அதுவரை சொல்லிவந்த நிறுவனங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் அதை நடத்திக் காட்டின. ரவாங்கிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் கொமுட்டர் ரயில் ஏறி வருபவர்களுக்கும், கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் ஊர்ந்து வருபவர்களுக்கும் நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணி நேரம் மிச்சமானது. அந்த நேரம் குடும்பத்துக்குப் போயிருக்க வேண்டும். பல வீடுகளில் அது நேராக வேலைக்கே போய்ச் சேர்ந்தது. அலுவலகத்துக்கு வந்தால் விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்புகிற ஒரு நேரமாவது இருக்கிறது. வீட்டில் சாப்பாட்டு மேசை மீதே மடிக்கணினி திறந்து கிடக்கும்போது அந்த நேரமும் இல்லாமற்போகிறது. கட்டுப்பாடுகள் நீங்கி ஆட்கள் மறுபடி அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகும் அன்று தொற்றிக்கொண்ட பழக்கம் மட்டும் போகவில்லை. இரவு பத்தரை மணிக்குப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு கேள்வி வரும். 'அவசரமில்லை' என்ற சொல்லும் அதோடு சேர்ந்தே வரும். மேலதிகாரி கேட்டுவிட்ட பிறகு எந்த ஊழியர் காலை வரை காத்திருப்பார்?

இந்தச் சட்டத்தின் 60P, 60Q ஆகிய பிரிவுகள் நெகிழ்வு வேலை ஏற்பாட்டுக்கு வழி செய்கின்றன. ஊழியர் தம் வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். எந்தக் காரணம் ஏற்கத்தக்கது, எது ஏற்கத்தகாதது என்று அந்தப் பிரிவுகளில் ஒரு வரியும் இல்லை. இதன் விளைவை எங்கள் அலுவலகத்திலேயே கண்டேன். செந்தூலில் குடியிருக்கும் ஒரு சக ஊழியை. அவருடைய தந்தைக்குச் சிறுநீரகம் செயலிழந்து வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது. கொண்டுபோய் விடவும் திரும்ப அழைத்து வரவும் வேறு ஆள் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டு, எந்தெந்த நேரத்தில் கணினி முன் இருப்பார், விட்டுப்போன நேரத்தை எப்படி ஈடுசெய்வார் என்று அட்டவணை போட்டு, சுத்திகரிப்பு மையத்தின் கடிதத்தையும் இணைத்து விண்ணப்பித்தார். நிறுவனம் ஐம்பத்தெட்டாம் நாளில் பதில் அனுப்பியது. 'செயல்பாட்டுத் தேவைகளை முன்னிட்டு ஏற்பதற்கில்லை' என்ற ஒற்றை வரிதான் அதில் இருந்தது. சட்டம் கேட்ட இரண்டும் நிறைவேறிவிட்டன. பதில் கெடுவுக்குள் வந்துவிட்டது, காரணமும் எழுதப்பட்டுவிட்டது. ஆண்டு விடுப்பை அரை அரை நாளாகப் பிய்த்துப் பிய்த்துச் செலவழித்துப் பார்த்துவிட்டு, சில மாதங்களில் அவர் வேலையை விட்டார். இந்நாட்டில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய 56 விழுக்காட்டினரே தொழிலாளர் அணியில் இருக்கிறார்கள், ஆண்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள் என்று மேடைதோறும் கவலைப்படுகிறோம். படித்த, அனுபவமுள்ள பெண்கள் எந்தக் கதவு வழியாக வெளியேறுகிறார்கள் என்பதை அந்த ஒற்றை வரிப் பதிலில் நான் பார்த்தேன்.

ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்த நம் பாட்டிமார் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் பால் வெட்டப் போனார்கள். அந்த வாழ்க்கையில் இருந்த கொடுமைகளை நான் மறந்துவிடவில்லை. இருந்தாலும், விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வந்து நின்றவருடைய பெயர் தோட்டக் கணக்கரான கிராணியின் செக்ரோல் பதிவேட்டில் ஏறியது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தார். இன்று இருபதாவது மாடியில் குளிர்சாதன அறையில் இருக்கும் பேத்திக்கு ஆயாக் கொட்டகையும் இல்லை, அவள் உழைத்த நேரம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதும் இல்லை.

இனி உடல்நலத்துக்கு வருகிறேன். என் மனத்தை அதிகம் அழுத்துவது இதுதான். உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கூட்டாக ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்தில் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்வோரோடு ஒப்பிடுகையில், 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்வோருக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 விழுக்காடும், இருதய இரத்தக்குழாய் அடைப்பு நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் கூடுதல் என்று அது கூறியது. நீண்ட நேர வேலையின் காரணமாக 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 745,000 பேர் இவ்விரு நோய்களால் இறந்ததாகவும் மதிப்பிட்டது. 55 மணி நேரம் என்பது எங்கோ சுரங்கத்தில் வேலை செய்பவர்களின் கணக்கு என்று எண்ணிவிட வேண்டாம். சட்டப்படியான 45 மணி நேரத்தோடு திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு இரண்டு மணி நேரம் சேர்த்தால் 55 வந்துவிடும். எங்கள் கட்டடத்தில் இரவு எட்டு மணிக்கு மின்தூக்கிக்காகக் காத்து நிற்பவர்கள் எல்லாம் அந்தக் கணக்கில் அடங்குவார்கள்.

2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. இனவாரியாகப் பார்த்தால் அது நம் இந்தியச் சமூகத்தில்தான் மிக அதிகம். இனிப்பு நீர் உள்ளவர் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும், தினமும் கொஞ்சமாவது நடக்க வேண்டும் என்று எல்லா மருத்துவர்களும் சொல்கிறார்கள். மதிய உணவை நாலு மணிக்கு மேசையிலேயே பிரிப்பவரிடம், இரவுச் சாப்பாட்டைப் பத்து மணிக்கு மாமாக் கடையில் முடிப்பவரிடம் அந்த அறிவுரைக்கு என்ன பொருள் இருக்கிறது? தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, இடையில் குறைந்தது 30 நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்பது சட்டத்தில் இருக்கிறது. நேரத்தைக் குறித்து வைக்காத இடத்தில் அந்த அரை மணி நேரம் கொடுக்கப்பட்டதா என்பதை யார் சொல்ல முடியும்?

நிறுவனங்கள் தரும் மருத்துவச் சலுகைகளை நான் சிறுமைப்படுத்தவில்லை. பேனல் கிளினிக், மருத்துவ அட்டை, ஆண்டுக்கொரு முறை இரத்தப் பரிசோதனை ஆகியவை பலருடைய உயிரைக் காத்திருக்கின்றன. சட்டப்படியும் வேலையில் இருந்த காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18, 22 நாள் என்று மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அதற்குத் தனியாக 60 நாள் உண்டு. ஆனால் இவை எல்லாம் நோய் வந்த பிறகு கிடைப்பவை. நோயைக் கொண்டுவரும் வேலை நேரத்தை அப்படியே விட்டுவிட்டு மருத்துவ அட்டையின் வரம்பை மட்டும் உயர்த்திக்கொண்டே போவதால் பயன் என்ன? அட்டையின் நிலையும் உறுதியானதல்ல. வேலை போன அன்றே நிறுவனத்தின் அட்டையும் செல்லாமற்போகும். ஐம்பது வயதில், நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஏற்கெனவே பதிவாகிவிட்ட உடலோடு, சொந்தமாக ஒரு காப்புறுதி எடுக்கப் போய்ப் பாருங்கள். பிரீமியம் ஏறிய வேகத்தைக் கண்டு 2024 டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாராவே தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்றாண்டுகளுக்குப் பரவலாக்கும்படி நிறுவனங்களைப் பணிக்க வேண்டியிருந்தது. கோட்டுக்கு மேலே சென்றவருக்கு ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கும் சட்டப் பாதுகாப்பு இல்லை என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், உழைத்துத் தேய்ந்த உடலுக்கு அந்த நேரத்தில் துணை எதுவும் மிஞ்சுவதில்லை.

முதலாளிகள் தரப்பில் சொல்லப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. சிறு நிறுவனங்களுக்குச் செலவு கூடும். கோலாலம்பூரில் உள்ள பல சேவை மையங்கள் ஐரோப்பிய, அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக இயங்குகின்றன. அங்கே பொழுது விடியும்போது இங்கே வீட்டுக்குக் கிளம்பும் நேரமாகிவிடும். இரவில் பேச வேண்டியவர் மறுநாள் தாமதமாக வரட்டும். அதை எழுத்தில் ஒப்புக்கொண்டால் போதும். காசாகக் கொடுக்க முடியாதவர்கள் மாற்று விடுப்பாகக் கொடுக்கச் சட்டம் இடம் தரலாம். எதுவுமே கொடுக்காமல் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற இன்றைய நிலைதான் தொடரக்கூடாது.

பிற நாடுகள் இதில் சும்மா இருக்கவில்லை. பிரான்சில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டு முதலும் வேலை நேரத்துக்குப் பின் வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமைக்குச் சட்டம் இடம் தந்திருக்கிறது. ஊழியர் நாளுக்கு எவ்வளவு நேரம் உழைத்தார் என்பதை அளந்து பதிவு செய்யும் முறை ஒவ்வொரு முதலாளியிடமும் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. பக்கத்தில் உள்ள சிங்கப்பூரிலும் நெகிழ்வு வேலை விண்ணப்பங்களை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கான முத்தரப்பு வழிகாட்டி 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

மனிதவள அமைச்சு 4,000 வெள்ளிக் கோட்டைச் சொக்சோவின் வரம்பைப் போலவே 6,000 வெள்ளிக்கு உயர்த்த வேண்டும். இனி ஒன்று உயரும்போது மற்றதும் தானாகவே உயரும்படி இரண்டையும் இணைத்துவிடுவது இன்னும் நல்லது. நெகிழ்வு வேலை விண்ணப்பத்தை மறுக்கும் முதலாளி, என்ன செயல்பாடு எப்படிப் பாதிக்கப்படும் என்பதை விளக்கியாக வேண்டும். அந்த விளக்கத்தில் நிறைவடையாத ஊழியர் தொழிலாளர் இலாகாவிடம் முறையிட ஒரு தெளிவான வழியைச் சட்டமே சொல்ல வேண்டும். நோயாளியையோ கைக்குழந்தையையோ பராமரிப்பவர்களின் விண்ணப்பத்துக்கு 60 நாள் என்பதும் மிக நீண்ட கெடு.

எல்லாவற்றையும்விட உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சட்டத்தின் 61ஆம் பிரிவுப்படி நிறுவனங்கள் ஊழியர் பதிவேடுகளை ஆறு ஆண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். ஆறு ஆண்டுப் பதிவேடுகள் எங்கள் அலுவலகத்திலும் இருக்கின்றன. அவற்றில் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குபவர்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்பதற்கான கட்டம் வெறுமையாகவே இருக்கிறது. ஊதியம் கொடுக்க வேண்டாத நேரத்தை எவரும் எழுதி வைப்பதில்லை. சட்டத்தை மீறினால் விதிக்கப்படும் பொது அபராதம் இப்போது 50,000 வெள்ளி வரை உயர்ந்திருந்தும், 45 மணி நேர வரம்பு மீறப்பட்டது என்று காட்ட ஒரு துண்டுத் தாள்கூட இல்லாத இடத்தில் இலாகா அதிகாரி வந்து எதைச் சோதிப்பார்? சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், வேலை செய்யும் இடம் அலுவலகமானாலும் வீடானாலும், ஊழியர் அந்த மாதம் உழைத்த மொத்த மணி நேரம் அவருடைய சம்பளச் சீட்டில் அச்சாக வேண்டும் என்று அமைச்சு ஓர் ஒழுங்குமுறை கொண்டுவரட்டும். எங்களைப் போன்ற சம்பளப் பிரிவினருக்கு அது கூடுதலாக ஒரு பத்தியைச் சேர்க்கும் வேலை மட்டுமே. வருகைப் பதிவுக் கருவியிலும் கணினியிலும் அந்த நேரம் ஏற்கெனவே பதிந்துதான் இருக்கிறது.

இக்கண்,
சம்பளப் பிரிவு ஊழியர் ஒருவர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.